உம் கொட்டிய பல்லி

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் இருந்தது. இப்போது மட்டும் இல்லையா என்று கேட்காதீர்கள். இப்போது இருப்பது பூச்சி பிடிக்கிற வாய். நான் சொல்வது பேசுகிற வாய். காக்கை பேசியது, ஆடு பேசியது, நண்டுகூட நாலு வார்த்தை பேசியது. ஆனால் பல்லிக்கு முன்னால் இவையெல்லாம் ஊமை. விடிந்ததும் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை ஓயாது. எதிரே ஆள் இருக்கிறதா இல்லையா என்ற கவலையே அதற்குக் கிடையாது.

அந்தக் காலத்தில் சொற்களுக்கும் உயிர் இருந்தது. உயிர் என்றால் நம்மைப் போலத்தான், கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும். ஒரு சொல் பிழைத்திருக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் அதைக் கேட்டு "உம்" கொட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது இது நடந்தாக வேண்டும். தனக்குத் தானே முணுமுணுத்தால் சேர்த்தி இல்லை. தலையை ஆட்டினாலும் சேர்த்தி இல்லை. கேட்கிறவர் வாயிலிருந்து சத்தம் வர வேண்டும். அப்படி வந்துவிட்டால், சொன்னவருடைய நாக்குக்கு அடியில் ஒரு சின்னச் சூடு பரவும். சொல் பிழைத்துக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கதை கேட்கிற பிள்ளையிடம், "உம் கொட்டு, இல்லாட்டிச் சொல்ல மாட்டேன்" என்று நாம் இன்றும் மிரட்டுகிறோமே, அது சும்மா வந்த பழக்கம் இல்லை.

அதனால் அந்தக் காலத்து ஜனங்கள், யாராவது இறந்துபோனால், பாத்திரம் பண்டத்தைப் பங்கு வைப்பதற்கு முன்னால் சொல்லைத்தான் பங்கு வைப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் வட்டமாக உட்காருவார்கள். இறந்தவர் மட்டுமே புழங்கிய சொற்களை வீட்டார் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். வேண்டியவர் "உம்" என்று வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு அந்தச் சொல் அவர் பொறுப்பு. இதற்குச் சொல்பங்கு என்று பேர். இதிலும் சண்டை வரும். "அப்பனோட நல்ல சொல்லையெல்லாம் அக்காளே அள்ளிக்கிட்டா" என்று வருஷக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்த தம்பிகள் உண்டு. மனுஷப் புத்தி வேறு எப்படி இருக்கும்?

உப்போடை என்கிற கடற்கரைக் கிராமத்தில் வெயிலாள் என்று ஒருத்தி இருந்தாள். கருவாடு காயவைக்கிறவள். கருவாட்டு வாசனை வருகிறது என்று அவள் குடிசை ஊருக்கு வெளியே, உப்பங்கழியை ஒட்டி இருந்தது. அவள் புருஷன் பெயர் கொற்றன். அவன் அந்த ஊர்க்காரன் இல்லை. அவன் பிறந்த ஊர் கடலுக்கு நடுவே ஒரு மணல்திட்டில் இருந்தது. ஒரு புயலில் கடல் ஏறி வந்து திட்டை மொத்தமாக விழுங்கிவிட்டது. ஒரு மரத்துண்டைக் கட்டிக்கொண்டு உப்போடையில் கரை ஒதுங்கியவன் அவன் ஒருவன்தான். ஊர்க்காரர்கள் நல்லவர்கள், சும்மா சொல்லக் கூடாது. கஞ்சி ஊற்றினார்கள், வலை இழுக்கச் சேர்த்துக்கொண்டார்கள், வெயிலாளைக் கட்டியும் வைத்தார்கள்.

கொற்றன் கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. அவனிடம் இருந்ததெல்லாம் அவன் ஊர்ச் சொற்கள். சாயங்காலம் கருவாட்டைக் குவித்து மூடிவிட்டு இரண்டு பேரும் மணலில் உட்காருவார்கள். அவன் ஒரு சொல்லை எடுத்து விடுவான்.

"காத்தடிச்சா அலையிலேர்ந்து பொடிப்பொடியா மூஞ்சியில தெறிக்குதே, அதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

"தண்ணி தெறிக்குதும்போம். வேறென்ன சொல்ல?"

"எங்க ஊர்ல அது துவலை."

"உம்" என்பாள் வெயிலாள்.

அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணல்மேடு எக்கர். வெயிலில் காயப்போட்டதெல்லாம் உணங்கல். "அப்ப நான் நாள் முழுக்க உணங்கலுக்கா காவல் இருக்கேன்? கேக்கவே மரியாதையா இருக்கே!" என்று அவள் சிரித்தாள். உறவும் இல்லாமல் பகையும் இல்லாமல், பார்த்தும் பார்க்காமல் போகிறவர்கள் நொதுமலர். "அவங்களுக்கெல்லாமா பேரு வைப்பாங்க?" என்று கேட்டாள். "சின்னத் திட்டு வெயிலு, பேசறதைத் தவிர எங்களுக்கு வேற பொழுதுபோக்கு இல்ல" என்றான் அவன். கட்டி அணைப்பதற்குக் கவவு. அதைச் சொல்லிக்கொடுத்த சாயங்காலம் அடுப்பில் சோறு குழைந்துபோனது. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஒரு நாள், "தமி" என்றான்.

"அப்படின்னா?"

"ஒத்தையா கிடக்கிறது. கூப்பிட்டா என்னன்னு கேக்க ஒரு ஆள் இல்லாம."

"உம்."

"கரை ஒதுங்கின அன்னைக்கு இந்த ஒரு சொல்லைத்தான் வாயில வச்சுக்கிட்டுக் கிடந்தேன். இனிமே எனக்கு வேண்டாம். நீ வச்சுக்கோ."

"எனக்கு மட்டும் எதுக்காம்?" என்று வெயிலாள் ஒரு பிடி மணலை அள்ளி அவன்மேல் வீசினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அடுத்த ஐப்பசியில் கொற்றனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் மூச்சு அடங்கியது.

பதினாறாம் நாள் ஊரே வந்து வட்டமாக உட்கார்ந்தது. வெயிலாள் முதல் சொல்லைச் சொன்னாள்.

"துவலை."

யாரும் உம் கொட்டவில்லை. காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னாள். எல்லோரும் குனிந்து மணலில் கோடு கிழித்தார்கள். ஊர்த்தலைவர் சடையாண்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தாயி, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. உன் புருஷன் தங்கமான மனுஷன். ஆனா அவன் ஊரைக் கடல் தின்னுருச்சு. தின்ன ஊருல ஒரு சொல்லு மிச்சம் இருந்தாலும் கடல் அதைத் தேடி வரும். அதை நாங்க எங்க வாயில ஏத்திக்க முடியாது."

"இத்தனை வருஷம் அவரு இங்கதானே இருந்தாரு. கடல் வந்துச்சா மாமா?"

"அவன் உன்கிட்ட மட்டும்தானே அந்தப் பேச்சுப் பேசுனான். உன் குடிசை ஊருக்கு வெளிய இருக்கு. வந்தாலும் உன்னோட நின்னுரும்."

ஆறுதல் சொல்கிற லட்சணத்தைப் பாருங்கள்! இதைச் சொல்லிவிட்டு, அவளுக்கென்று கொண்டுவந்த அரிசியையும் தேங்காயையும் வாசலில் வைத்துவிட்டுத்தான் எழுந்தார். கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான்.

இப்படியாக ஒரு ஊர்ச் சொல் மொத்தமும் வெயிலாள் ஒருத்தி தலையில் விழுந்தது. சொல்லுக்கு உடையவர் மூச்சு அடங்கியதிலிருந்து ஒரு வருஷம்தான் கெடு. அடுத்த ஐப்பசியில் கொற்றனின் திதி நாளன்று, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அவற்றுக்கு யாராவது உம் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றாகச் செத்துப்போகும். போனால் போகட்டும் என்று விடவும் அவளால் முடியவில்லை. ஏனென்றால் கொற்றனின் முகம் அவளுக்கு மறக்க ஆரம்பித்திருந்தது. சும்மா நினைத்தால் முகம் வருவதில்லை. துவலை என்று சொன்னால், அதைச் சொல்லும்போது அவன் கண்ணைச் சுருக்குவது வந்தது. உணங்கல் என்றால் அவன் சிரிப்பு வந்தது. அவன் அந்தச் சொற்களில்தான் மிச்சம் இருந்தான். அவை போனால் அவனும் இரண்டாம் தடவை போய்விடுவான்.

அவள் கேட்காத ஆள் இல்லை. கிணற்றடியில் கேட்டாள். வலை பின்னுகிற இடத்தில் கேட்டாள். "சாப்பிட்டியா வெயிலு? உடம்பு எப்படி இருக்கு?" என்பார்கள். அவள் ஒரு சொல்லை எடுத்ததும் அவசர வேலை வந்துவிடும். ஒரு வருஷத்தில் அத்தனை பேரும் நொதுமலர் ஆகிவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தச் சொல்லின் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

மனுஷர் இல்லாவிட்டால் என்ன, பேசுகிற பிராணிகள் இருக்கின்றனவே என்று அவற்றிடம் போனாள். காக்கை, "சொல்லுக்கு ஒரு கவளம் வை" என்றது. வைத்தாள். விழுங்கிவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டுச் சோற்றுக்குப் பறந்துவிட்டது. ஆடு பொறுமையாகத்தான் நின்றது, ஆனால் வாய் நிறையத் தழை. தலையைத் தலையை ஆட்டியதே ஒழிய உம் வரவில்லை. நண்டு வளையிலிருந்து பாதி வந்து, "சீக்கிரம் சொல்லு" என்றது. அவள் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய்விட்டது.

மிச்சம் இருந்தது பல்லி.

அந்தக் காலத்தில் பல்லி வீட்டில் இருக்காது. கழிக்கு அந்தப் பக்கம் பாறை இடுக்கில் இருந்தது. மற்ற பிராணிகள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டா. போனால் பிடித்துக்கொள்ளும். வெயில் பற்றி, ஈசல் பற்றி, நேற்று பார்த்த மேகம் பற்றி எல்லாம் சொல்லும். சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று குரல் இறங்கி, "அப்போ நாங்க மூணு பேரு இருந்தோம்..." என்று ஆரம்பிக்கும். அதற்குள் கேட்கிறவர் எழுந்து நடந்திருப்பார். பல்லி உடனே அவர் முதுகைப் பார்த்து ஈசல் கதையைத் திரும்ப ஆரம்பித்துவிடும். அந்த மூணு பேர் யார், மற்ற இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

ஐப்பசி மழை ஆரம்பித்ததும் பாறை இடுக்கில் தண்ணீர் புகுந்தது. பல்லி நனைந்துகொண்டே வந்து வெயிலாளின் குடிசைச் சுவரில் ஒட்டிக்கொண்டது. வெயிலாள் அப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் "எக்கர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எக்கரா? அதென்ன எக்கர்?" என்றது பல்லி.

வெயிலாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷத்தில் அவள் சொன்ன சொல்லைத் திருப்பிக் கேட்ட முதல் குரல் அது. "அலை ஒதுக்கின மணல்மேடு. எங்கே, ஒரு உம் சொல்லு பாக்கலாம்!"

"ஓ, மணல்மேடா! மணல்மேடுன்னதும் ஞாபகம் வருது, போன கோடையில ஒரு மணல்மேட்டுல ஏறினேன் பாரு, அந்தச் சூடு இருக்கே..." என்று பல்லி ஆரம்பித்தது. ஆரம்பித்தால் நிற்குமா? நாக்கில் சூடு வருமென்று காத்திருந்த வெயிலாளுக்கு ஒன்றும் வரவில்லை.

"அடச்சீ! உனக்கு உம் கொட்டத் தெரியாதா?"

"அதென்ன பெரிய வித்தையா? சொல்லு, கொட்டுறேன்."

"உணங்கல்."

"உ... உணங்கலா! ஒரு தடவை பாறையில புழு ஒண்ணு காஞ்சு கிடந்துச்சு..."

வெயிலாள் துடைப்பத்தை எடுத்து ஓங்கினாள். பல்லி கூரை இடுக்குக்கு ஓடி, அங்கிருந்தும் புழுக் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. வாய் நிறையப் பேச்சு வைத்திருப்பவர்களுக்கு உம் கொட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது, கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்காருகிற ஆட்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஆகவே நான் பல்லியைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அவள் அதைத் துரத்தவில்லை. அதுவும் போகவில்லை. மழை நின்ற ஒரு மத்தியானம் பல்லி தானாக இறங்கி வந்தது.

"ஏன் இப்படி உம்முக்கு அலையிறே?" என்று கேட்டது.

வெயிலாள் எல்லாவற்றையும் சொன்னாள். புருஷனைச் சொன்னாள், சொல்பங்கு நடக்காததைச் சொன்னாள், திதி நெருங்குவதைச் சொன்னாள். பல்லி நடுவில் புகுந்து பேசிக்கொண்டேதான் இருந்தது. இருந்தாலும் கடைசியில், "நான் உம் கொட்டினா, நீ எனக்கு உம் கொட்டுவியா?" என்று கேட்டது. "ஒரு கதை இருக்கு. அதைக் கடைசிவரைக்கும் இதுவரை யாருக்கும் சொன்னதில்ல."

"ஒரு கதைக்கு என்ன, ஆயுசுக்கும் கொட்டுறேன்" என்றாள் வெயிலாள். சொன்னாளே தவிர, பல்லியால் முடியும் என்று அவள் நம்பவில்லை.

திதி நாள் வந்தது. வெயிலாள் கடைசியாக ஒரு முயற்சி செய்தாள். சோறு வடித்து, மீன்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து ஊரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். எல்லோரும் வந்தார்கள். திருப்தியாகச் சாப்பிட்டார்கள். இலையை எடுக்கும் முன்னால் அவள் கையைக் கூப்பி நின்றாள்.

"இன்னைக்கு விளக்கு வைக்கிற நேரத்தோட அவரு சொல்லெல்லாம் போயிரும். எனக்கு அரிசி வேண்டாம், தேங்கா வேண்டாம். ஆளுக்கு ஒரே ஒரு உம். அது போதும்."

அவள் வாயைத் திறந்ததும் ஒருவருக்கு இருமல் வந்தது. ஒருவர் செம்பைக் கீழே போட்டார். ஒருவர் பிள்ளையின் காதைப் பொத்தினார். வெயிலாள் மீனாளைப் பார்த்தாள். மீனாள் அவளோடு சேர்ந்து மணலில் வீடு கட்டி விளையாடியவள், பெரியவளான பிறகும் ஒரே தலையணையில் படுத்தவள். "துவலை" என்று வெயிலாள் அவளிடம் மட்டும் சொன்னாள். மீனாளின் உதடு குவிந்தது. உம் அதன் விளிம்புவரை வந்துவிட்டது. அப்போது அவள் மடியிலிருந்த குழந்தை சிணுங்கியது. மீனாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோவிச்சுக்காத வெயிலு. எனக்குப் புள்ளைங்க இருக்கு" என்று அழுதுகொண்டே எழுந்து போனாள்.

எல்லோரும் போனபிறகு மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய இன்னும் கொஞ்சநேரம்தான் இருந்தது. வெயிலாள் எச்சில் இலைகளைக்கூட எடுக்காமல், விளக்கையும் திரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். காப்பாற்றுவதற்காக இல்லை. சாகப்போகிறவற்றை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பிவிடலாம் என்றுதான்.

"துவலை" என்றாள். அவள் குரல் உடைந்துபோனது.

பல்லி சுவரில்தான் இருந்தது. துவலை என்றதும் அதற்கு மழை ஞாபகம் வந்தது, மழையில் நனைந்த ஞாபகம் வந்தது. பேச்சு தொண்டைவரை வந்துவிட்டது. அப்போது அவள் முகத்தைப் பார்த்தது. எழுந்து போகிறவர்களின் முதுகை அது எவ்வளவோ பார்த்திருக்கிறது. தன்னையே பார்த்துக்கொண்டு, தன்னிடமிருந்து ஏதோ ஒன்று வராதா என்று ஏங்குகிற முகத்தை அன்றுதான் பார்த்தது. பல்லி வாயை இறுக்கி மூடி, தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டது. கடித்த வேகத்தில் ஒரு சத்தம் வந்தது.

"ச்சு."

வெயிலாளின் நாக்குக்கு அடியில் சூடு பரவியது.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நம்பாமல், "எக்கர்" என்றாள். "ச்சு" என்றது பல்லி. மறுபடியும் சூடு. "உணங்கல்." "ச்சு." "நொதுமலர்." "ச்சு." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்புறம் சிரிக்கவும் அழவும் நேரம் இல்லை. வாசலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. காற்றுகளின் பேர், மீன்களின் பேர், தூக்கத்தின் பேர், ஊடலின் பேர் என்று அள்ளி அள்ளிச் சொன்னாள். வசவுச் சொற்களுக்கு நேரம் போதாது என்று அவற்றை விட்டுவிட்டாள். அதனால் கொற்றன் ஊர் வசவில் ஒன்றுகூட இன்று நமக்கு இல்லை. எனக்கு அது ஒரு குறைதான், சில நேரம் தேவைப்படுகிறது.

அவள் அறியாத விஷயம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கடிக்கும் பல்லியின் பேச்சில் ஒன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. முதலில் ஈசல் கதை போனது. பல்லி அதைப் பெரிதாக எண்ணவில்லை. அப்புறம் மேகம் போனது, புழு போனது. கடலுக்கு என்ன சொல்வோம் என்று பாதியில் யோசித்துப் பார்த்தது, வரவில்லை. அப்போதுதான் அதற்கு விளங்கியது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அப்போ நாங்க மூணு பேரு" என்கிற அந்த ஒரு கதையை மட்டும் நாக்கின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கடித்துக் கொடுத்தது.

"கவவு" என்றாள் வெயிலாள். அதைச் சொல்லும்போது கொற்றன் முழுசாக வந்துவிட்டான். முகம், தோள், உப்பு வாசனை எல்லாம். "ச்சு" என்றது பல்லி.

இனி மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல்தான். வெளியே மணல் எது, தண்ணீர் எது என்று தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது. எல்லோரும் விளக்கு வைக்கிற நேரம்.

"தமி" என்றாள் வெயிலாள்.

பல்லி உடனே கொட்டவில்லை. அந்தச் சொல்லின் அர்த்தத்தை யாரும் அதற்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நாக்கின் ஓரத்தில் அந்தக் கதை காத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கணம் பொறுத்தால் சொல் செத்துவிடும், கதை பிழைத்துவிடும். வெயிலாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

பல்லி கண்ணை மூடவில்லை. பல்லிக்குத்தான் இமை இல்லையே. அவளைப் பார்த்தபடியே கடித்தது.

"ச்சு. ச்சு."

சூடு நாக்கிலிருந்து நெஞ்சுவரை இறங்கியது. வெயிலாள் விளக்கை ஏற்றினாள். கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. அது யாரையும் தேடி வரவில்லை.

"பிழைச்சாச்சு! எல்லாம் பிழைச்சாச்சு!" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விளக்கைச் சுவருக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். "வா, இப்படி வெளிச்சத்துக்கு வா. இனிமே உன் முறை. அந்தக் கதையைச் சொல்லு. விடியற வரைக்கும் ஆனாலும் நான் உம் கொட்டுறேன்."

பல்லி விளக்குக்கு அருகே வந்தது. வாயைத் திறந்தது.

"ச்சு" என்றது.

"உம் சொன்னது போதும். கதையைச் சொல்லு. நீங்க மூணு பேரு இருந்தீங்க, அப்புறம்?"

"ச்சு. ச்சு. ச்சு."

வெயிலாள் விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். வாய்க்குள் ரத்தமாக இருந்தது. நாக்கில் சின்னச் சின்னக் கடிகள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு ஊர்ச் சொல் முழுவதும் எதைக் கொடுத்து வாங்கியது என்று புரிந்துவிட்டது. "ஐயோ, என் ராசாத்தி, ஏன் இப்படிப் பண்ணே? ஏன் நிறுத்தலை நீ?" என்று கதறினாள். பல்லி தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கே தொடங்கியது, எங்கே அழுதது, அந்த இரண்டு பேர் எங்கே போனார்கள் என்று யாருக்கும் விளங்காது. ஆனால் அது சொல்லிக்கொண்டிருந்தது.

உம் கொட்டுவதாகச் சொன்னவள் உம் கொட்ட வேண்டும் அல்லவா? வெயிலாள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது, உம் வரவில்லை. பல்லி "ச்சு" என்று நிறுத்தி அவளைப் பார்த்தது. எழுந்து போய்விடுவாளோ என்று பார்த்தது. வெயிலாள் விரலை மடக்கித் தரையைத் தட்டினாள், டொக், டொக், டொக் என்று. கேட்டேன், இங்கேதான் இருக்கேன், மேலே சொல்லு என்று அதற்கு அர்த்தம். பல்லி மேலே சொன்னது.

அதற்குப் பிறகு பல்லி பாறைக்குத் திரும்பவில்லை. வெயிலாள் ஏதாவது சொன்னால் பல்லி கொட்டும். பல்லி ஏதாவது சொன்னால் வெயிலாள் தட்டுவாள். அவள் வயசாகி இறந்தபோது ஊரார் வந்து எடுத்துப் போட்டார்கள், ஆனால் சொல்பங்குக்கு ஒருவரும் உட்காரவில்லை. காலியான குடிசையில் இருக்க முடியாமல் பல்லி ஊருக்குள் போனது. வாசலில் விளக்கு எரிந்த முதல் வீடு மீனாளுடையது. மீனாள் அன்று கடற்கரையிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்ன காத்து, மூஞ்சியெல்லாம் துவலை" என்று தன்னை அறியாமல் சொன்னாள். சுவரிலிருந்து "ச்சு" என்று ஒரு சத்தம் வந்தது. மீனாளின் நாக்குக்கு அடியில் சூடு பரவியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, வெயிலாள் தட்டுவதை முன்பு பார்த்திருந்தது போலவே, விரலை மடக்கித் தட்டினாள்.

அன்று தொடங்கியதுதான் இது. பல்லி வீட்டுச் சுவரில், விளக்குக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது. நாம் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, எங்கோ கேட்ட பழைய சொல் ஒன்று நம்மை அறியாமல் வாயில் வந்துவிட்டால் ச்சு என்று கொட்டுகிறது. நாமும் "பல்லி சொல்லுது பாரு" என்று பேச்சை நிறுத்தித் தரையை விரலால் தட்டுகிறோம். சில நேரம் வீட்டில் யாரும் பேசாதபோதும் அது தானாக ச்சு, ச்சு, ச்சு என்று சொல்லும். அப்போதும் தட்டுங்கள், அது தன் கதையைச் சொல்கிறது.